மேனேஜரின் மூச்சுக் கணக்கு

மனிதர்களில் மூச்சு எண்ணிகள் என்று ஓர் இனம் இருக்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்தும் இன்னதென்று புரியாமல், ஏதோ தியானம் செய்கிறார் போலிருக்கிறது என்று ஒதுங்கிப் போயிருப்பீர்கள். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு கண்ணியமான மனிதர் தரையில் குந்தி உட்கார்ந்து, இடது மணிக்கட்டைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி, நொடி முள்ளை ஒரு பார்வையும் எதிரே தூங்குகிற நாயின் விலாவை ஒரு பார்வையுமாக மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பார். உதடு மட்டும் அசையும். "என்ன சார், சௌக்கியமா?" என்று கேட்டால் பதில் வராது, வலது கை உயர்ந்து, பேருந்தை நிறுத்துவதுபோல உங்களை நிறுத்தும். ஒரு நிமிடம் நீங்கள் அப்படியே நிற்க வேண்டும். பிறகு அவர் நிமிர்ந்து உங்களைப் பார்த்து, "இருபத்து நாலு" என்பார்.

அதுதான் பதில். சௌக்கியமாம்.

இவர்கள் யாரும் பிறக்கும்போதே இப்படி இல்லை. நேற்றுவரை உங்களையும் என்னையும் போல மூச்சை அதன் பாட்டுக்கு விட்டுவிட்டு வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தான். திடீரென்று ஒரு நாள், ஒரு மருத்துவர், நல்ல எண்ணத்தோடு ஒரு வார்த்தை சொல்கிறார். ஆள் மாறிவிடுகிறார். எப்படி என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் நம் இன்ஸ்பெக்டரின் கதையைக் கேளுங்கள்.

இன்ஸ்பெக்டர் என்றதும் போலீஸ் என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். அவர் லிஃப்ட் இன்ஸ்பெக்டர். ஊரிலுள்ள கட்டடங்களின் உச்சியில் இருக்கிற மோட்டார் அறைகளுக்குள் டார்ச் விளக்கோடு நுழைந்து, இரும்புக் கயிற்றில் எத்தனை இழை அறுந்திருக்கிறது, பிரேக் எத்தனை விரற்கடையில் பிடிக்கிறது, கதவு விரலை நசுக்குமா நசுக்காதா என்றெல்லாம் பார்த்து, லிஃப்டுக்குள் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, "அடுத்த பரிசோதனை வரை பாதுகாப்பானது" என்று கையெழுத்துப் போடுவது அவர் உத்தியோகம். இருபத்தெட்டு வருடமாக அவர் கையெழுத்துப் போட்ட லிஃப்ட் எதுவும் வழியில் நின்றதில்லை. அவர் குடியிருந்ததோ லிஃப்டே இல்லாத கட்டடத்தின் இரண்டாம் மாடி. காரணம் கேட்டால், "இதுல ஒண்ணும் பழுதாகாது" என்று படிக்கட்டைக் காட்டுவார்.

மனைவி ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருந்தார். வாய்க்குள் என்ன நடக்கப்போகிறதோ என்று நடுங்குகிறவர்களைப் பதினைந்து வருடமாக உட்காரவைத்து, "ஒண்ணும் ஆகாது, ரெண்டே நிமிஷம்" என்று சொல்லிச் சொல்லிப் பழகியவர். ஒரே மகள், வேலைக்காக வேறு ஊரில். அவள் கல்லூரியில் படிக்கும்போது ஒரு மழை நாளில் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்ததுதான் மேனேஜர்.

மேனேஜர் ஒரு நாய். குட்டையான கால்கள், பழுப்பும் வெள்ளையும் கலந்த உடம்பு, ஒரு காது நிமிர்ந்தது, ஒரு காது மடிந்தது. நாள் முழுக்கத் தூங்கிவிட்டு, யாராவது கதவைத் தட்டினால் மட்டும் எழுந்து வந்து, வந்தவரை மேலும் கீழும் பார்த்து, முகர்ந்து, ஒரு முடிவுக்கு வந்து, திரும்பப் போய்த் தூங்கும். பெயரை வைத்தவர் இன்ஸ்பெக்டர்தான். வைக்கும்போது தன் அலுவலகத்தை நினைத்திருந்தார் என்று சொல்வார்கள். "இந்த வீட்டுல ஒண்ணு நான் இருக்கணும், இல்ல அது இருக்கணும்" என்று முதல் நாள் அவர் கறாராகச் சொன்னதும் உண்மை. பிறகு இருவரும் இருந்தார்கள். பத்து வருடம்.

பதினோராவது வருடத் தடுப்பூசிக்குப் போனபோதுதான் அது நடந்தது.

கால்நடை மருத்துவர் சின்ன வயதுப் பெண். மேனேஜரின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தவர் எடுக்கவில்லை. இடம் மாற்றி வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மறுபடி இடது பக்கத்துக்கே வந்தார். ஒரு மருத்துவர் எவ்வளவு நேரம் சும்மா கேட்கிறாரோ அவ்வளவுக்கு விஷயம் பெரியது என்பது இன்ஸ்பெக்டருக்குத் தெரியும். அவரும் மோட்டார் அறையில் அப்படித்தான் நின்று கேட்பார்.

ஸ்கேன் எடுத்தார்கள். திரையில் கறுப்பும் சாம்பலுமாக ஏதோ படபடத்தது.

"இதோ பாருங்க சார், இதுதான் வால்வு. சரியா மூடல. கொஞ்சம் கசியுது. வயசான சின்ன நாய்ங்களுக்கு இது அடிக்கடி வர்றதுதான்."

"வால்வு தானே? மாத்திடலாமா?"

"இங்க அது முடியாது சார். மாத்திரை இருக்கு. அவன் இதயத்துக்குக் கொஞ்சம் ஒத்தாசை பண்ணும். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி."

"எத்தனை நாள் தாங்கும்?"

"மாத்திரையா?"

"நாய்."

"சொல்ல முடியாது சார். சிலதுக்கு ஒரு வருஷம், சிலதுக்கு நாலு வருஷம்கூட. நல்லா சாப்பிடறான், நல்லா நடக்கறான். அவனுக்கு நோய் இருக்கறதே அவனுக்குத் தெரியாது."

"தோராயமா ஒரு தேதி?"

மருத்துவர் அவரைப் பார்த்தார். இந்த மனிதருக்கு ஏதாவது கொடுத்தனுப்ப வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். இரக்கம்தான். வேறொன்றுமில்லை. அதைத்தான் நான் ஆரம்பத்தில் நல்ல எண்ணம் என்று சொன்னது.

"வீட்டுல அவன் நல்லாத் தூங்கும்போது, ஒரு நிமிஷத்துக்கு எத்தனை மூச்சுன்னு எண்ணிப் பாருங்க. ஒரு நாளைக்கு ஒரு தடவை போதும். முப்பதுக்குள்ள இருந்தா கவலை இல்ல. தொடர்ந்து தாண்டுச்சுன்னா எனக்கு ஃபோன் பண்ணுங்க. மத்தபடி எல்லாம் வழக்கம்போல இருக்கட்டும்."

ஒரு லிஃப்ட் இன்ஸ்பெக்டரிடம் ஓர் எண்ணைக் கொடுக்கிறோமே என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. 'ஒரு தடவை போதும்', 'வழக்கம்போல' என்ற இரண்டும் மருத்துவமனை வாசலிலேயே உதிர்ந்துவிட்டன. 'முப்பது' மட்டும் வீடு வந்து சேர்ந்தது.

அன்றைக்கே கறுப்பு அட்டை போட்ட நோட்டு ஒன்று வாங்கப்பட்டது. தேதி, நேரம், எந்தப் பக்கம் சாய்ந்து படுத்திருந்தது, எண்ணிக்கை, குறிப்பு என்று ஐந்து கட்டம். இதுவரை 'அது' என்று சொல்லப்பட்டு வந்த மேனேஜர் அந்த நோட்டில்தான் முதன்முதலாக 'அவன்' ஆனது.

முதல் எண்ணிக்கை நாற்பத்தாறு.

இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார். மறுபடி எண்ணினார். நாற்பத்து நாலு. மருத்துவரைக் கூப்பிட்டார்.

"டாக்டர், நாப்பத்து நாலு!"

"தூங்கறானா?"

"நல்லாத் தூங்கறான்!"

"திணறுறானா? வாயைத் திறந்து மூச்சு வாங்கறானா?"

"இல்ல, குறட்டை விடறான்."

"சார், வயிறு மேல போறதை ஒண்ணு, கீழ வர்றதை ஒண்ணுன்னு எண்றீங்களா?"

"ஆமா."

"ரெண்டும் சேர்ந்தாத்தான் ஒரு மூச்சு."

குறிப்பு என்ற கட்டத்தில், 'எண்ணும் முறை திருத்தப்பட்டது' என்று எழுதி, கீழே கோடு போட்டுக் கையெழுத்தும் இட்டார்.

அதற்குப் பிறகு ஒரு நாளைக்குப் பதினான்கு முறை. பல் தேய்க்கும் முன், தேய்த்த பின், செய்தித்தாள் வந்ததும், அலுவலகம் கிளம்ப ஷூ போட்டுக்கொண்டு ஒரு முறை, போட்ட ஷூவோடு வாசலிலிருந்து திரும்பி வந்து ஒரு முறை. மேனேஜர் தூங்கினால் எண்ணுவார். தூங்காவிட்டால் தூங்குகிறவரை காத்திருப்பார். அவர் இப்படி உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதால் அது தூங்காமல் இருந்தால், குறிப்பில் 'தூக்கக் குறைவு' என்று எழுதுவார்.

பிறகு வீட்டைப் பாதுகாப்பானதாக ஆக்கும் பணி தொடங்கியது. அழைப்பு மணி அடித்தால் மேனேஜர் பாய்ந்தோடி வரும், இதயத்துக்கு ஆகாது. மணியின் ஒயரைக் கழற்றினார். பந்தைப் பரணில் போட்டார். நடை நிறுத்தப்பட்டது, கீழே கொண்டுபோய், வேலையை முடிக்கவைத்து, மேலே கொண்டுவருவது மட்டும். அதுவும் கையில் ஏந்தியபடி, நாற்பத்திரண்டு படி. எதிர்வீட்டில் வயலின் சொல்லிக்கொடுக்கிற டீச்சரிடம் போய், உச்சத்தில் இழுக்கிற பகுதிகளை மட்டும் கொஞ்சம் தவிர்க்க முடியுமா என்று கேட்டார். அவர், "பசங்க வாசிக்கறதைக் கேட்டா எனக்கே நெஞ்சு படபடங்குது சார், என்ன செய்ய?" என்றார். விருந்தாளிகள் வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் வந்தவர்களை இன்ஸ்பெக்டர் வாசலிலேயே நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, இரைப்பையும் கல்லீரலும் பக்கத்தில் இருக்க இதயம் மட்டும் தனித்து நின்று படுகிற பாட்டை வரைந்து காட்டி விளக்கியபோது, இரண்டாம் தடவை யாரும் வரவில்லை.

இந்த இனத்தின் இன்னொரு லட்சணம், மூன்றாவது வாரத்தில் நிபுணராகிவிடுவது. தெருவில் போகிற நாய்களை இன்ஸ்பெக்டர் நின்று பார்க்கத் தொடங்கினார். "உங்க நாய்க்கு நெஞ்சுல முணுமுணுப்பு, அதான் வால்வு கசியற சத்தம், இருக்கான்னு பாத்தீங்களா?" என்று முன்பின் தெரியாதவர்களைக் கேட்டார். அவர்கள் நாயைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடந்தார்கள். லிஃப்ட் கம்பெனிக்காரர் ஒருவர் மோட்டார் அறையில், "கயிறு இன்னும் ஒரு வருஷம் தாங்குமா சார்?" என்று கேட்டதற்கு, "யாரால சொல்ல முடியும்?" என்று பதில் சொன்னார். அந்த மனிதர் அன்று இறங்கும்போது படிக்கட்டில் இறங்கினார்.

ஐந்தாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முப்பத்தெட்டு வந்தது.

ஒழுங்காக, ஏற்றமும் இறக்கமும் சேர்த்து எண்ணிய முப்பத்தெட்டு. கால்கள் வெட்டிவெட்டி இழுத்தன. உதடு துடித்தது. இன்ஸ்பெக்டர் மேனேஜரைப் போர்வையோடு அள்ளிக்கொண்டு, வீட்டுச் செருப்போடு, மனைவி பின்னாலேயே நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வர, மருத்துவமனைக்குப் பறந்தார். "மேனேஜருக்கு ஹார்ட்டு! தள்ளுங்க! மேனேஜருக்கு ஹார்ட்டு!" என்று அவர் கத்தியதில் கீழ்வீட்டு வங்கி ஊழியர் ஒருவர், எந்த மேனேஜர் என்று கேட்காமலே, சட்டையை மாட்டிக்கொண்டு பாதித் தூரம் கூடவே ஓடி வந்தார்.

வழியிலேயே மேனேஜர் விழித்துவிட்டது. காத்திருப்பு அறையில் போர்வையை விட்டு இறங்கி, ஒரு பூனைக்கூடையைப் பார்த்து உறுமி, வாலை ஆட்டியது. மருத்துவர் நெஞ்சைக் கேட்டார்.

"கனவு கண்டிருக்கான் சார்."

"என்ன கனவு?"

"அதை அவன்கிட்டதான் கேக்கணும்."

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. குறிப்பில் 'கனவு' என்று எழுதினார். அடைப்புக்குறிக்குள், 'உறுதிப்படுத்தப்படவில்லை'.

இனி அலுவலக நேரத்திலும் எண்ண ஆள் வேண்டும் என்று முடிவானது. மனைவிக்குப் பல் மருத்துவமனையில் வேலை பதினொரு மணிக்கு. பத்தரைக்குக் கிளம்பினால் போதும். ஆகவே பத்து மணிக்கு ஓர் எண்ணிக்கை அவர் பொறுப்பு. இன்ஸ்பெக்டர் எந்தக் கட்டடத்தின் உச்சியில் இருந்தாலும் பத்தேகாலுக்கு ஃபோன் செய்வார்.

"எத்தனை?"

"இருபத்திரண்டு."

"சரி."

அவ்வளவுதான் பேச்சு. கல்யாணமாகி முப்பது வருடத்தில் இருவரும் இவ்வளவு ஒழுங்காகப் பேசிக்கொண்டதே இல்லை. மறுநாளும் இருபத்திரண்டு. அதற்கு மறுநாளும் இருபத்திரண்டு. பதினோராவது நாள் இன்ஸ்பெக்டர் தான் இன்னும் கையெழுத்துப் போடாத ஒரு பழைய லிஃப்டில் மாட்டிக்கொண்டு, நேரமாகி, பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்டார்.

"இன்னைக்கு எத்தனை?"

"இருபத்திரண்டு. இப்பதான் எண்ணினேன். பக்கத்துலயேதான் படுத்திருக்கான்."

தினமும் சொல்லிப் பழகிய வாய் மணியைப் பார்க்கவில்லை. மனைவியின் குரலுக்குப் பின்னால், தெள்ளத் தெளிவாக, கிர்ர்ர்ர் என்று ஒரு சத்தம். பல்லைக் குடைகிற மெஷின். தொடர்ந்து யாரோ ஒருவரின் "ஆ".

அன்று சாயங்காலம் சமையலறையில் விசாரணை நடந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"பொய் சொல்லியிருக்க."

"ஆமா."

"எத்தனை நாளா?"

"பத்து நாளா. முதல் நாள் நிஜமாவே எண்ணினேன்."

"ஏன் இருபத்திரண்டு?"

அவர் குழாயை மூடினார். "முதல் நாள் அதான் வந்துச்சு. சொன்னதும் உங்க குரல் அப்படியே இறங்குச்சு. 'சரி'ன்னீங்க. அந்தக் குரலை நான் கேட்டு ஒரு மாசம் ஆச்சு. அந்தச் 'சரி' வந்தாத்தான் நீங்க மதியம் சாப்பிடறீங்க, எனக்குத் தெரியும். அதான் அதையே வெச்சுக்கிட்டேன்."

இன்ஸ்பெக்டர் வாயைத் திறந்தார். பொய்க் கையெழுத்து, போலி ஸ்டிக்கர், பழைய கயிற்றுக்குப் புதுப் பெயின்ட் என்று எத்தனையோ கண்டுபிடித்தவர்தான். அதற்கெல்லாம் தண்டனை என்ன என்று சட்டத்தில் இருந்தது. இதற்கு இல்லை.

"முப்பதைத் தாண்டியிருந்தா?" என்று மட்டும் கேட்டார்.

"தாண்டினா எனக்குத் தெரியாதா? நானும் அவனைப் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்? எண்ணாம பாக்கறேன், அவ்வளவுதான். நீங்க பாக்காம எண்றீங்க."

ஆனாலும் இன்ஸ்பெக்டர் திருந்தவில்லை. இந்த இனத்தை அவ்வளவு லேசாக எடைபோட்டுவிடாதீர்கள். விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்தார்.

அவருக்குச் சாதகமாக ஒன்று நடந்துகொண்டிருந்தது. எண்ணிக்கை குறைந்தது. இருபது. பத்தொன்பது. ஒரு வியாழக்கிழமை பதினேழு! நோட்டில் அதைச் சுற்றி வட்டம் போட்டார். மேனேஜர் இப்போது அவ்வளவாக நடமாடுவதில்லை. கட்டிலுக்கு அடியில் சுவரோரமாக ஓர் இடம் பிடித்துக்கொண்டது. கதவு திறக்கிற சத்தம் கேட்டாலும் வருவதில்லை. அவர் வெளியே போய்த் திரும்பினாலும் வருவதில்லை. 'நல்ல ஓய்வு' என்று எழுதினார். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன் ஒரு சின்னக் கவளத்துக்குள் ஒளித்து வைத்தால், முன்பெல்லாம் கவளத்தைத் தின்றுவிட்டு மாத்திரையைக் கழுவித் துடைத்ததுபோலத் தரையில் வைத்துவிட்டுப் போகும். அதை ஒளிக்க அவரும், கண்டுபிடிக்க அதுவுமாக ஒரு போராட்டமே நடக்கும். இப்போது போராட்டம் இல்லை. கொடுத்தால் விழுங்கியது. 'ஒத்துழைக்கிறான்' என்று எழுதினார்.

சனிக்கிழமை சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை முகரவே இல்லை.

எண்ணிக்கை பதினெட்டு. அதில் ஒரு குறையும் இல்லை.

மருத்துவர் மறுபடி ஸ்கேன் எடுத்தார். முன்பு எடுத்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ரத்தம் எடுத்துப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் நோட்டை நீட்டினார்.

"நோட்டு இருக்கட்டும் சார். நீங்களே சொல்லுங்க. காலையில எழுந்ததும் இவன் என்ன பண்ணுவான்?"

"மாத்திரை..."

"மாத்திரை நீங்க பண்றது. அவன் என்ன பண்ணுவான்?"

இன்ஸ்பெக்டர் யோசித்தார். கை தானாகவே நோட்டைப் புரட்டியது. எழுபத்து மூன்று பக்கத்தில் அதற்கு ஒரு கட்டமும் இல்லை.

"நடக்கப் போறானா?"

"தூக்கிட்டுப் போறேன்."

"பந்து?"

"பரண்ல இருக்கு."

"வீட்டுக்கு யாராவது வந்தா ஓடி வருவானே? போன வருஷம் வீட்டுக்கு ஊசி போட வந்த எங்க கம்பவுண்டர் மேலயே பாஞ்சானே?"

"பெல்லைக் கழட்டிட்டேன் டாக்டர்."

மருத்துவர் மேனேஜரின் மடிந்த காதை நிமிர்த்திவிட்டார். அது மறுபடி மடிந்தது. "இதயம் அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருக்கு சார். ஒரு மாத்தமும் இல்ல. வேற நோயும் தெரியல. வேலை போன ஆளு மாதிரி இருக்கான், அவ்வளவுதான். மூச்சிரைக்க ஓடவிட வேண்டாம். ஆனா வாசலுக்கு வந்து யாருன்னு பாத்துக் குரைக்கறதுக்கு இந்த இதயம் போதும்."

"குரைக்கும்போது ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

"ஆகலாம்" என்றார் மருத்துவர். "கட்டிலுக்கு அடியில படுத்திருந்தாலும் ஆகலாம். ரெண்டுல அவனுக்கு எது பிடிக்கும்னு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்."

அன்று சாயங்காலம் இன்ஸ்பெக்டர் மகளைக் கூப்பிட்டார். அவளிடம் இதுவரை சொல்லவில்லை. அவளுடைய நாய், கேட்டால் உடைந்துபோவாள், வெளியூரில் தனியாக இருக்கிறாள். எப்படித் தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்று ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டுதான் பேசினார்.

"ஒரு விஷயம் சொல்லணும். பதறக்கூடாது. மேனேஜருக்கு..."

"தெரியும்பா. அம்மா அன்னைக்கே சொல்லிட்டாங்க."

"உனக்குத் தெரியும்கறது எனக்கு ஏன் தெரியாது?"

"நீங்க எனக்குத் தெரியாதுன்னு நெனச்சு என்னைக் காப்பாத்திக்கிட்டு இருக்கீங்க, அது உங்களுக்குக் கொஞ்சம் தெம்பா இருக்கு, விட்டுடுன்னு அம்மா சொன்னாங்க. சொல்லுங்கப்பா, எப்படி இருக்கீங்க?"

"பதினெட்டு."

"அவன் இல்லப்பா. நீங்க."

"நானா?" இன்ஸ்பெக்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். யாரோ பின்னால் நிற்பவரைக் கேட்டதுபோல இருந்தது. "நான் எண்ணிப் பாக்கலையே" என்றார். எழுதிவைத்திருந்த தாளை நாலாக மடித்தார். மகள் ஃபோனை வைக்கவில்லை.

மறுநாள் காலை அவர் தன் கருவிப் பையைத் திறந்தார். அழைப்பு மணியின் ஒயரை நுனி சீவி, மாட்டி, திருகி, டேப் சுற்றினார். கதவுக்கு வெளியே போய், கதவைச் சாத்திக்கொண்டு, மணியை அழுத்தினார்.

ஒன்றும் நடக்கவில்லை.

இரண்டாம் முறை அழுத்தினார். உள்ளே மனைவி, "யாருங்க அது?" என்று வழக்கத்தைவிடச் சத்தமாகக் கேட்டது காதில் விழுந்தது. மூன்றாம் முறை. கதவில் காதை வைத்தார். முதலில் கட்டில் கால் பக்கம் ஏதோ உரசுகிற ஓசை. பிறகு தரையில் நகங்களின் சத்தம். மெதுவாக, நின்று, மறுபடி. பிறகு ஒரு குரைப்பு. பல நாள் திறக்காத கதவுபோலக் கரகரவென்று, பாதியில் உடைந்து, ஆனால் குரைப்புத்தான். அவர் இன்னொரு முறை அழுத்தினார். இரண்டு குரைப்பு.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. வயலின் டீச்சர் வில்லும் கையுமாக நின்றார்.

"என்ன சார், சாவி இல்லையா?"

"இருக்கு."

"வீட்டுல யாரும் இல்லையா?"

"இருக்காங்க."

"பின்ன என்ன?"

"மேனேஜரைப் பாக்க வந்தேன்" என்றார் இன்ஸ்பெக்டர்.

டீச்சருக்கு என்ன தோன்றியதோ, வில்லைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவரும் வந்து பக்கத்தில் நின்றார். மனைவி கதவைத் திறந்தார். மேனேஜர் வாசலுக்கு வந்து இருவரையும் மேலும் கீழும் பார்த்தது. டீச்சரின் செருப்பை முகர்ந்தது. இன்ஸ்பெக்டரின் கால்சட்டையை முகர்ந்தது. தெரிந்த ஆள்தான் என்று தெரிந்தும் விட்டுக்கொடுக்காமல் இன்னொரு முறை முகர்ந்தது. வால் ஆடியது. ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. அப்புறம் இரண்டு தடவை இருமியது.

இன்ஸ்பெக்டரின் மணிக்கட்டு தானாகவே மேலே எழும்பியது. ஆனால் வாலை ஆட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வருகிற நாயின் மூச்சை எண்ண முடியாது. முயன்று பார்த்தார். மூன்று வரை போய், எது மூச்சு எது வால் என்று குழம்பி, விட்டுவிட்டார். படியிலேயே உட்கார்ந்துகொண்டார். மேனேஜர் அவர் மடியில் முன்கால் இரண்டையும் வைத்து, அடுத்தது யார் வருகிறார்கள் என்று அவர் தோளுக்கு மேலாகப் படிக்கட்டைப் பார்த்தது.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. வால்வு இன்னும் கசிகிறது. போன வருடம் ஒரு வாரம் நிஜமாகவே முப்பதைத் தாண்டி, நுரையீரலில் நீர் சேர்ந்து, மருத்துவமனையில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். நீரை இறக்க இன்னொரு மாத்திரை சேர்ந்தது. அதனால் இப்போது நாளுக்கு ஆறு முறை கீழே போக வேண்டும், இரண்டு முறை கம்பளம் அலச வேண்டும். நடை முன்பு பூங்கா வாசல் வரை போகும். இப்போது தையற்கடை வரை. அங்கே மேனேஜர் உட்கார்ந்துகொள்ளும். தையற்காரர் மெஷினை நிறுத்திவிட்டு, "வாங்க மேனேஜர்" என்பார். கொஞ்ச நேரம் மூவரும் தெருவைப் பார்ப்பார்கள். திரும்பும்போது படியில் மட்டும் இன்ஸ்பெக்டர் தூக்கிக்கொள்கிறார். ஒரு வருடத்துக்குத் தாங்கும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவில்லை. அவரும் கேட்பதை விட்டுவிட்டார். எண்ணுவது நாளைக்கு ஒரு முறைதான். மனைவி குளிக்கப் போகும்போது இன்னொரு முறை எண்ணுகிறார். அது நோட்டில் ஏறுவதில்லை, அவ்வளவுதான் முன்னேற்றம்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டில் நாய் இல்லை. உங்களுக்குக் கறுப்பு அட்டை நோட்டும் இல்லை.

ஆனால் உங்கள் அம்மா வேறொரு ஊரில் தனியாக இருக்கிறாரே, அவர் கடைசியாக ஃபோனைப் பார்த்தது எத்தனை மணிக்கு என்று இன்று காலையிலிருந்து எத்தனை தடவை பார்த்தீர்கள்? நீங்கள் அனுப்பிய 'சாப்பிட்டாச்சா'வுக்குப் பக்கத்தில் இரண்டு டிக் குறியும் நீலமானதும் உங்கள் தோள் கொஞ்சம் இறங்கியதே, யாரும் பார்க்கவில்லை என்றா நினைத்தீர்கள்? அப்பா ரத்த அழுத்தம் நூற்று முப்பது என்று தினமும் ஒரே எண்ணைச் சொல்கிறாரே, அது நிஜமாகவே எடுத்துப் பார்த்துச் சொல்வதுதானா? வண்டியில் போன மகன் 'வந்துட்டேன்' என்று செய்தி அனுப்ப இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. கணக்காகப் பத்து என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் இந்தக் கதையைக் கீழே வைக்கிறீர்கள்? ஃபோன் அந்தப் பக்கம் இருக்கிறது.